நிரம்பிய கிணற்றை அளக்க வந்த நஸ்ரீன் மேடம்

நஸ்ரீன் மேடத்தின் எண்ணிலிருந்து போன் வந்தபோது, மாதாமாதம் சொல்வதுபோல "கேட்டத் தெறந்து வைம்மா, வந்துட்டிருக்கேன்" என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவருடைய வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. போனில் பேசியது ஓர் ஆண் குரல்.

"இதுல 'கௌசல்யா கெணறு'ன்னு போட்டிருக்கு. யாருங்க பேசறது?"

தெரியாத குரல் என்றால் எனக்குப் பேச்சு வராது.

"நான் நஸ்ரீன் வீட்டுக்காரர் பேசறேங்க. மூணு நாளா ஜுரம். நேத்து சாயந்திரம் ஆஸ்பத்திரியிலயே மவுத் ஆயிட்டாங்க. அவங்க போன்ல கெணறு கெணறுன்னு இருக்கிற நம்பருக்கெல்லாம் எறந்த சேதிய சொல்லிட்டிருக்கேன். லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். அதைச் சொல்லத்தான் முடியவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டார். அவர் அடுத்த கிணற்றுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த அடுத்த கிணறு உங்களுடையதாக இருந்திருக்கலாம். இதைப் படிக்கிற எல்லோர் வீட்டுக்கும் அவர் வந்திருக்கிறார். பர்தாவுக்கு மேல் ஹெல்மெட், ஸ்கூட்டியில் ஒயர் கூடை, கூடைக்குள் இரும்பு டேப், ஒரு நீலச் சாக்பீஸ். நிலத்தடி நீர் அளக்கும் அலுவலகத்தில் அவர் ஒப்பந்த ஊழியர். அவருக்காக நாம் கூடும் இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். என்னால் பேச முடியாது. எழுதித் தருகிறேன்.

ஆம்பூரிலிருந்து பாலாற்றைத் தாண்டி வந்தால் எங்கள் ஊர். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். எங்கள் தெருக் குழாயில் எந்த நாள், எந்த நேரம் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார். குழாய்க்காக ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். நான் இருந்துகொண்டேன். ஷூவின் மேல்தோலை வீட்டுக்கே வாங்கிவந்து கையால் தைத்துக் கொடுக்கிறேன். நான் உட்கார்ந்து தைக்கிற இடத்திலிருந்து பார்த்தால் பின்னால் எங்கள் கிணறு தெரியும்.

மேடம் முதன்முதலில் வந்தபோது அம்மா வீட்டில் இருந்தார். வெயிலில் வந்தவருக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் நீட்டினார். "வேணாங்க, பாட்டில் இருக்கு" என்று சொல்லிவிட்டார் மேடம். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் போன பிறகு, "நம்ம வீட்டுத் தண்ணி அவங்களுக்கு எறங்காதாமா?" என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமும் அதேபோல ஆனது. அம்மா நேராகக் கேட்டுவிட்டார்.

"இன்னா மேடம், நாங்க குடுத்தா குடிக்க மாட்டீங்களா?"

"அய்யோ அக்கா!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு எட்டு கெணறு அளக்கறேன். எட்டு வீட்லயும் சொம்பு நீட்டறாங்க. எந்த வீட்ல எத்தினி கொடம் இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே எப்பிடி வாங்கிக் குடிக்கிறது?"

"அப்ப முறுக்கு தின்னுங்க. அதுக்குத் தண்ணி வேணாம்."

"முறுக்கு தின்னா தாகம் எடுக்குமே!"

இருவரும் சிரித்தார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் அவருக்கு வாழைப்பழம் மட்டும்தான் கொடுத்தோம்.

அவர் அளக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். டேப்பின் அடிப்பகுதியில் சாக்பீஸைத் தேய்ப்பார். கிணற்றுச் சுவரில் பெயிண்ட் அடித்த புள்ளியிலிருந்து டேப்பை இறக்குவார். மேலே எடுத்தால் தண்ணீர் பட்ட வரைக்கும் சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும். இறக்கிய நீளத்திலிருந்து அதைக் கழித்தால் தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று வந்துவிடும். எங்கள் கிணற்றில் டேப் அதிகம் இறங்காது. ஓர் ஆள் ஆழத்திலேயே தண்ணீர். கோடையிலும் அப்படித்தான். தோல் பதனிடும் கழிவு நிலத்துக்குள் இறங்கிக் கெட்டுப்போன தண்ணீர் அது. நான் பிறப்பதற்கு முன்பே அதை இறைப்பதை நிறுத்திவிட்டார்கள். தென்னை கருகிவிட்டது, மாடு வாய் வைக்காது. யாரும் இறைக்காததால்தான் அது நிரம்பி நிற்கிறது.

என்னைப் பார்த்தால், "இன்னா மேடம், இன்னிக்கும் மௌன விரதமா?" என்பார். அவர்தான் மேடம், ஆனால் என்னை மேடம் என்பார். நான் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள்தான் வாயைத் திறந்தேன்.

"தண்ணி கெட்டுப்போச்சே, அத எங்க எழுதுவீங்க?"

அவர் படிவத்தைப் பார்த்தார், திருப்பியும் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லியேம்மா" என்றார். படிவத்தின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஓர் ஒல்லியான கட்டம் எப்போதும் காலியாகவே இருக்கும். அன்று அதில் "நீர் உபயோகத்தில் இல்லை" என்று எழுதினார். அன்றிலிருந்து ஒரு மாதமும் தவறாமல் எழுதினார். உங்கள் கிணறுகளுக்கும் அப்போதுதான் எழுதத் தொடங்கினார் என்று பின்னால் தெரிந்தது. அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அளவை மட்டும்தான் ஏற்றுகிறார்கள், குறிப்பை ஏற்றுவதில்லை என்பதும் அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் குடிக்கிற மாதிரித் தண்ணீர் இருப்பது ஏரிக்கரைப் பக்கம் மட்டும்தான். பஞ்சாயத்து போர்வெல் அங்கேதான் இருக்கிறது, தெருக் குழாய்க்கு அதிலிருந்துதான் வரும். போன வருடம் ஒரு கேன் தண்ணீர் கம்பெனி அந்த ஏரிக்கரையிலேயே மூன்று போர் போட அனுமதி கேட்டது. அம்மா பதறிப்போனார். மேடம் வந்ததும், "இப்பிடி யார் வேணா வந்து உறிஞ்சலாமா? சட்டம் கிட்டம் கெடையாதா?" என்று கேட்டார்.

மேடம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து சொன்னார்: "முன்ன ஒரு சட்டம் போட்டாங்க அக்கா. அமலுக்கு வர்றதுக்குள்ளயே வாபஸ் வாங்கிட்டாங்க. இப்ப கவர்மெண்ட் ஆர்டர்தான். பத்து ஊர சேத்து ஒரு குறுவட்டம்னு வெச்சிருக்காங்க. அதுல தண்ணி கம்மின்னா அனுமதி கெடையாது. இருக்குன்னா உண்டு. நம்ம குறுவட்டத்துல தண்ணி இருக்குன்னு இருக்கு."

"யார் சொன்னது இருக்குன்னு?"

அவர் கையிலிருந்த டேப்பைக் காட்டினார். "நான்தான்."

கெட்டுப்போய் நிரம்பி நிற்கிற எங்கள் கிணறும் உங்கள் கிணறுகளும் சேர்ந்துதான் நம் குறுவட்டத்தைப் பாதுகாப்பான பட்டியலில் வைத்திருக்கின்றன.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தபா கம்மி பண்ணி எழுதுங்க மேடம். கெணறு காஞ்சிருச்சின்னு எழுதுங்க. யார் வந்து எட்டிப் பாக்கப் போறாங்க?"

"பொய்ய எழுதிட்டா அப்புறம் நெசத்த எழுதினாலும் நம்ப மாட்டாங்க அக்கா. நான் பாத்தத மட்டும்தான் எழுதுவேன்."

"நீங்க நெசத்த எழுதி எழுதித்தான் எங்களுக்கு இந்த கதி" என்றார் அம்மா. கோபத்தில் சொன்னது. அந்த மாதம் மேடம் வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளாமல் போனார்.

ஆனால் அடுத்த வாரமே வந்தார். அளக்கும் நாள் இல்லை அது. நேராக என்னிடம் வந்தார். கிராம சபை நடக்கப்போகிறது, அங்கே ஆட்சேபம் பதிவானால் அதை அதிகாரிகள் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றார். "நான் ஆபீஸ் ஆளு, வாயத் தெறக்கக் கூடாது. உங்கம்மா கம்பெனியில லீவு தர மாட்டாங்க. நீ ஒரு வரி சொன்னா போதும்மா. 'எங்க கெணத்துல தண்ணி இருக்கு, யாரும் குடிக்கிறதில்ல.' அவ்வளவுதான். உன் கெணறு, நீ சொல்லு."

நான் தலையாட்டினேன். ஐந்து நாள் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். ஊசி ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சொன்னேன்.

கிராம சபையில் கம்பெனியிலிருந்து வந்தவர், இந்தக் குறுவட்டம் பாதுகாப்பானது என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தார். தலைவர், "யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பினார்கள். தூரத்தில் வேப்பமரத்துக்குக் கீழே ஸ்கூட்டியைப் பிடித்தபடி மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா? சொல்லு."

வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

"தாகமா இருக்கா பாப்பா? தண்ணி வேணுமா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார். சிரிப்பு எழுந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். போகும்போது மேடம் என் தோளைத் தொட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

அனுமதி வந்தது. ஏரிக்கரையில் மூன்று போர் போட்டார்கள். அந்த மாதத்திலேயே மேடத்தின் அலுவலகத்திலிருந்து வந்து எங்கள் கிணற்றுக்குள்ளும் உங்கள் கிணறுகளுக்குள்ளும் குழாய் இறக்கி அதில் ஒரு மிஷினைப் பொருத்தினார்கள். அது தானாகவே அளந்து தானாகவே அனுப்பிவிடும். அளக்க ஆள் தேவையில்லை. மேடத்தின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. மிஷின் அளவை மட்டும்தான் அனுப்பும். குறிப்பு எழுத அதில் இடம் கிடையாது.

வேலை போன பிறகும் அவர் ஒருமுறை வந்தார். பழைய டேப், பழைய சாக்பீஸ். குழாய்க்குப் பக்கத்தில் டேப்பை இறக்கி அளந்தார். மிஷின் என்ன காட்டுகிறது என்று போனில் பார்த்தார்.

"கரெக்டாதான் காட்டுது" என்றார். "அதான் பேஜார்."

டேப்பைத் துடைத்துச் சுற்றினார். பிறகு, "உங்கம்மா கேட்டாங்க இல்ல, கம்மி பண்ணி எழுதுன்னு. இப்ப கேட்டாலும் எழுத மாட்டேன். ஆனா வண்டி ஓட்டறப்பெல்லாம் அதேதான் மண்டைக்குள்ள ஓடுது" என்றார்.

உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். "இப்ப நான் வேலையில இல்லியே, விருந்தாளிதானே?" என்று வாங்கிக்கொண்டார். பாதி குடித்துவிட்டு மீதியைத் திருப்பித் தந்தார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

போன் வந்த மூன்றாம் நாள் நானும் அம்மாவும் வாணியம்பாடியில் அவர் வீட்டுக்குப் போனோம். அம்மா அந்த வீட்டுப் பெண்களின் நடுவில் உட்கார்ந்து, "நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். மேடத்தின் கணவர் என்னைக் கூப்பிட்டு ஓர் அலமாரியைக் காட்டினார். கிணற்றுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன நோட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் வீட்டுக்காரர் பெயர். "ஆபீஸ்ல கேட்டேன். மிஷின்லயே எல்லாம் இருக்காம், இது வேணாம்னுட்டாங்க. உங்களுது நீங்க எடுத்துக்கங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது பிரித்துப் பார்த்தேன். மாதம், ஆழம், குறிப்பு. நான் கேட்ட மாதத்திலிருந்து எல்லா மாதமும் "நீர் உபயோகத்தில் இல்லை". கிராம சபை நடந்த மாதத்தில் மட்டும் இன்னொரு வரி இருந்தது.

"நீர் உபயோகத்தில் இல்லை. கௌசல்யா எழுந்து நின்றாள்."

பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன் என்று சொன்னவர். நான் பேசாமல் உட்கார்ந்ததையும் அவர் பார்த்தார். அதை எழுதவில்லை.

அந்த நோட்டைப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எடுத்துப் போய் நீட்டினேன். "இது அவங்க சொந்த நோட்டும்மா, செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்து இன்றோடு ஆறு நாள். போன முறை வந்ததில் லேசாக உப்புக் கரித்தது. கெட்ட தண்ணீர் அந்தப் பக்கமும் நகர்ந்துவிட்டதா என்று தெரியவில்லை. அளந்து சொல்ல அவர் இல்லை. இப்போது நாங்கள் குடிப்பது அந்தக் கம்பெனி எங்கள் ஏரிக்கரையிலிருந்து எடுத்து அடைத்துத் தருகிற கேன் தண்ணீர். கேன் வண்டிக்காக வாசலில் நிற்கும்போது பின்னால் எங்கள் கிணறு நிரம்பித்தான் நிற்கிறது.

உங்கள் நோட்டும் அந்த அலமாரியில் இருக்கிறது. போய் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டைச் செல்லாது என்றார்கள். எல்லா நோட்டையும் ஒன்றாக வைத்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்போதும் செல்லாது என்றே சொல்லலாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'எழுந்து நின்றாள்' என்ற அந்த ஒரு வரிதான். அடுத்த கிராம சபையிலும் தலைவர் யாருக்காவது ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்பார். நான் எழுந்து நிற்பேன். அதுவரைக்கும் எனக்கு வரும். அதற்குமேல் குரல் வரவில்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் சிரிக்காமல் என் கையிலிருந்து நோட்டை வாங்கி வாசித்துவிடுங்கள்.