ஹெலிக்கு ஒரு தேசிக்காய்

பாரிஸ் லாச்சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு சென் தெனியில் அலுவலக வேலை. லீவு நாட்களில் பிரெஞ்சு இராணுவத்தின் ரிசர்வ் ஹெலிகொப்டர் பிரிவுக்குப் போகிறாள். சேர்ந்துவிட்டேன் என்று அவள் சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஹெலிச் சத்தம் கேட்டாலே பங்கருக்கு ஓடி வளர்ந்தவள் நான்.

குடும்பங்களை முகாமுக்கு அழைத்த நாளில், புது வாகனத்துக்குச் செய்வதுபோலச் சில்லுக்குக் கீழே வைக்க, கடையிலிருந்து ஒரு தேசிக்காய் கொண்டுபோனேன். சுவரில் அந்தப் பிரிவின் பழைய படங்கள் இருந்தன. முதலில் சண்டை, பிறகு காட்டுத்தீ, வெள்ளம். ஹெலிக்குக் கிட்டப் போனதும் என் கண் கதவடியில் துவக்கைத்தான் தேடியது; ஊரில் அங்கிருந்துதான் எங்களைச் சுட்டார்கள்.

"துவக்கு எங்கை பிள்ளை?"

"இதிலை இல்லை அம்மா. இது கயிறு. வெள்ளத்திலை கூரையிலை நிக்கிற சனத்தை இதாலைதான் தூக்கிறனாங்கள். போன மாரியிலை ஒரு தாயையும் பிள்ளையையும் தூக்கினனாங்கள்."

கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஹெலியைக் கண்டு ஒளிக்காமல், வா என்று கை காட்டுகிற சனமும் உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

தேசிக்காயை வைக்கக் குனிந்தேன்.

"ஐயோ அம்மா, வேண்டாம்! கீழை ஒண்டும் கிடக்கக் கூடாது, காத்து இழுத்துப்போடும்!" என்று மகள் பதறினாள். பக்கத்தில் நின்ற விமானி சிரித்தபடி அதை வாங்கி, தன் சட்டைப் பையில் போட்டு சிப்பை இழுத்து மூடினார்.

இப்போதும் ஹெலிச் சத்தம் கேட்டால் என் கால் ஓடத்தான் செய்கிறது. கடை வாசலுக்கு ஓடிவந்து, மேலே பார்த்துக் கை காட்டுகிறேன்.