எழுத்தாளர் சாப்பிட்ட வெங்காயம்

லவீனா டைகர் போன ஜனவரியில் இறந்துபோனாள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மஸ்கோகி பழங்குடி மக்களின் சின்ன பாப்டிஸ்ட் சர்ச் ஒன்றில், காட்டு வெங்காய விருந்து முப்பது வருஷத்துக்கும் மேலாக அவள் கையில்தான் இருந்தது. வெங்காயத்தை முட்டையோடு கிளறிப் பெரிய சட்டியில் இறக்குவாள். வராதவர்களை அவள் மறந்ததும் இல்லை, மன்னித்ததும் இல்லை.

நல்ல வெங்காயம் ஓரிடத்தில்தான் முளைத்தது: நெடுஞ்சாலை ஓரத்து நினைவுக்கல்லைச் சுற்றி. எல்லைப்புறப் பயணத்தின்போது, மனித நடமாட்டமற்ற இந்த வனாந்தரத்தில் அந்தக் காலத்துப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் ஓர் இரவு தங்கினார் என்று அந்தக் கல் சொல்லும்.

"மனுஷங்களே இல்லையாம். அப்ப நம்ம பூட்டியெல்லாம் யாருடி, அணிலா?" என்பாள் லவீனா, தங்கை ஐமோஜீனிடம், ஸ்க்ரூடிரைவரால் மண்ணைக் கிளறிக்கொண்டே.

ஒரு மார்ச் மாதம் சரித்திரக் குழுவின் தலைவர் வென்டல் கார்மைக்கேல் அளவு நாடாவோடு வந்து நின்றார். கல்லைச் சுற்றி ஜல்லி கொட்டிக் கார் நிறுத்த இடம் போடப்போகிறார்களாம்.

லவீனா மண் கையோடு எழுந்தாள். சர்ச்சுக்குள் அவள் பொய் சொன்னதில்லை. இது ரோடு.

"ஜல்லியா? உங்க எழுத்தாளர் சாப்பிட்ட வெங்காயத்து மேலயா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"எங்க பூட்டிதான் அன்னைக்கு ராத்திரி சமைச்சுப் போட்டா. இதே வெங்காயம். தட்டை நக்காத குறையாத் தின்னாராம்."

ஐமோஜீனுக்குப் பயங்கரமாக இருமல் வந்தது.

ஜல்லி வரவில்லை. அதற்குப் பதிலாக இரும்பு வேலி வந்தது. வேலியில் ஒரு பலகை: சரித்திரச் சிறப்புள்ள வெங்காயம், பறிக்காதீர்கள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா நீ?" என்றாள் ஐமோஜீன். "இப்ப விருந்துக்கு அந்தப் பலகையை வதக்கிப் போடு."

மறுநாளே லவீனா கார்மைக்கேலைத் தேடிப் போனாள். வருஷா வருஷம் பெண்கள் வந்து பாட்டுப் பாடித் தோண்டுவதுதான் பூட்டி காலத்து முறை, தோண்டாத வெங்காயத்துக்குச் சரித்திரம் ஏது என்று முகம் மாறாமல் சொன்னாள். அவர் வேலிக்குக் கதவு வைத்துக் கொடுத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் பெண்கள் தங்கள் மொழியில் ஞானப்பாட்டுப் பாடித் தோண்டுவார்கள். கார்மைக்கேல் படம் எடுப்பார். பாட்டுக்கு நடுவில் அதே மொழியில் அவருடைய கால்சட்டையைப் பற்றி லவீனா சொல்வதை இங்கே எழுத முடியாது. மற்றவர்கள் சிரிப்பை அடக்கப் பாட்டின் சுருதி ஏறும். பக்தி என்று நினைத்து அவர் தொப்பியைக் கழற்றுவார்.

இந்த வருஷமும் வந்தார். பாட்டில் சிரிப்பு இல்லை. கேமராவை உறையிலிருந்து எடுக்காமலே நின்றார்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் ஐமோஜீனிடம். "அந்த எழுத்தாளரோட பயணப் புத்தகம் எனக்கு மனப்பாடம். அன்னைக்கு ராத்திரி அவர் பட்டினி. புலம்பி ஒரு பக்கம் எழுதியிருக்கார்."

ஐமோஜீன் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தாள். சனிக்கிழமை விருந்து. கோணி பாதிகூட நிறையவில்லை.

"தெரிஞ்சேதான் கதவு வச்சீங்களா?"

"கதவு கேட்டு வந்தப்பவே உங்க அக்கா விருந்துக்குக் கூப்பிட்டாங்களே. சாப்பிட்டுட்டேன்."

"இப்போ கதவைப் பூட்டப் போறீங்களா?"

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

ஐமோஜீன் அக்காவின் ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள். "அப்ப மசமசன்னு நிக்காம உக்காருங்க."

கார்மைக்கேல் சிரமப்பட்டு மண்டியிட்டார். முதலில் பிடுங்கியதெல்லாம் வெறும் புல். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பாட்டின் சுருதி மட்டும் மெல்ல ஏறியது.