வியர்வைக்கு அசையாத பொட்டு

பங்கஜம் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கிண்டி தொழிற்பேட்டையில், நல்லசிவம் நடத்திய சின்னக் கம்பெனியில் ஸ்டிக்கர் பொட்டுக்குப் பசை தயாரித்தாள். பொட்டுப் பசைதானே என்று இளக்காரமாகச் சிரிப்பவர்கள் ஒரு நாள் செய்து பார்க்கட்டும். பசை தோலோடு நிஜமான வேதிப்பிணைப்பு வைத்துக்கொண்டால், பொட்டு தோலோடுதான் உரியும். ஆகவே, மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக இழுத்துக்கொள்ளும் விசைகளை வைத்தே காரியத்தை ஒப்பேற்ற வேண்டும். அதில் சில வகை உண்டு. எலெக்ட்ரான்களின் அலைச்சலில் கணநேரம் தோன்றி மறையும் ஈர்ப்பு ஒன்று. ஒரு மூலக்கூறின் நேர்முனை இன்னொன்றின் எதிர்முனையை இழுப்பது மற்றொன்று. இவற்றைவிடப் பலமானது ஹைட்ரஜன் பிணைப்பு. ஆனால் அதை நம்ப முடியாது. தண்ணீரைக் கண்டால் தோலை விட்டுவிட்டு அதனோடு போய்விடும்.

தொண்ணூற்றாறு மே மாதம் அதுதான் நடந்தது. தி. நகர் கடைகளிலிருந்து ஒரே புகார்: மத்தியானத்துக்குள் பொட்டு வியர்வையில் வழுக்கி விழுகிறதாம். பங்கஜம் பசையில் தண்ணீரோடு சேரும் சரக்கைக் குறைத்து, நீண்ட கார்பன் சங்கிலிகளைக் கூட்டினாள். கணநேர ஈர்ப்புதான் என்றாலும், சங்கிலி நெடுகச் சேர்ந்தால் பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் முழுக்க நெற்றியில் ஒட்டிப் பார்க்க வேண்டும். கம்பெனிப் பெண்களின் நெற்றியெல்லாம் முந்தைய பசைகளால் சிவந்து கிடந்தது. பேக்கிங்கில் இருந்த அமீனா பீ பொட்டு வைக்கிறவள் இல்லை. மிச்சம் பங்கஜம். அவள் கணவர் போய் ஐந்து வருஷம். அன்றைக்கு எடுத்த பொட்டை அவள் திரும்ப வைத்ததே இல்லை.

"நீங்க கையில ஒட்டிப் பாருங்க மேடம், போதும்," என்றார் நல்லசிவம், தரையைப் பார்த்தபடி.

"கை நெத்தி மாதிரி வேர்க்காது சார்."

ஒரு பொட்டை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

"இன்னாக்கா, உனுக்குன்னே செஞ்ச மாரி கீது!" என்றாள் அமீனா பீ. பங்கஜத்துக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலப் பஸ்ஸில் நெரிசலும் வியர்வையும் சொல்லி மாளாது. பொட்டு அசையவில்லை. மயிலாப்பூரில் இறங்கியதும் கை தானாக நெற்றிக்குப் போனது. எடுத்துவிடலாமா? எடுத்தால் பரிசோதனை பாழ். தெருவில் என்ன சொல்வார்கள்? வீட்டுக்கார அபயாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பங்கஜம், லாரி வந்துண்டிருக்கு. போய்க் குடத்தை எடுத்துண்டு வா," என்று நேராக முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். பொட்டு அவள் கண்ணில் படவே இல்லை.

தண்ணீர் வரிசையிலும் யாரும் கவனிக்கவில்லை. அப்பாடா என்றிருக்க வேண்டும். அவளுக்கோ வலித்தது. இத்தனை வருஷம் யாருடைய பார்வைக்குப் பயந்தாளோ, அவர்கள் அவள் முகத்தைக் கவனிப்பதே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒண்டி அறையில் கண்ணாடி முன் நின்று பொட்டை உரித்தாள். சிவப்பில்லை, தடிப்பில்லை, ஒட்டிய தடயமே இல்லை. பசைக்கு அது வெற்றிதான். பங்கஜம் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் விவரம் கேட்டு நல்லசிவத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பெறவென்ன மேடம், பாஸாயிட்டுல்லா! இன்னைக்கே மிஷின்ல ஏத்திருவோம்."

"ஏத்துங்கோ சார்," என்றாள் பங்கஜம். "நான் மட்டும் இன்னும் ஒரு நாள் வச்சுப் பாத்துடறேனே."