சாக்குக்கு அடியில் ஒளித்த மூடிகள்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி முதல் தடவையாக என்னைக் குருணையை உருக்கி மூடி வார்க்கும் மெஷினில் நிறுத்தினார். ஒன்றோடொன்று கரையாத இரண்டு பிளாஸ்டிக் சேர்ந்த புதுக் குருணை அது. மூடி கண்ணாடிபோல் வரவேண்டும் என்றார். வந்ததோ கஞ்சித் தண்ணீர் நிறம். கெடுத்துவிட்டேன், இனி மறுபடியும் மூட்டைதான் என்று நினைத்தேன். யாரையும் கூப்பிட்டுக் கேட்கக் கூச்சம். மெஷினை நிறுத்திவிட்டு மூடிகளைச் சாக்குக்கு அடியில் ஒளித்தேன்.

கொஞ்ச நேரத்தில், பேக்கிங் பார்க்கும் செல்லம்மா அந்தச் சாக்கை எடுக்க வந்தாள்.

"ஏன் அண்ணாச்சி, நல்ல மூடியெல்லாம் இங்கன ஒளிச்சு வச்சிருக்கிய? வீட்டுக்குக் கொண்டு போறதுக்கா?"

அவள் தூக்கிப் பிடித்த மூடி வழியாக அவள் கைரேகை தெரிந்தது.

அவள் சிரித்த சத்தம் கேட்டு முதலாளி வந்தார். மூடி மங்கலாக வந்ததால் ஒளித்ததை அவரிடம் சொன்னேன். "சூட்டுல ரெண்டு பிளாஸ்டிக்கும் வெளிச்சத்த வேற வேற மாதிரி வளைக்கும், அதான் மங்கல். ஆறினா ஒண்ணுபோல வளைக்கும், தெளிஞ்சிரும். நான்தான் சொல்ல மறந்துட்டேன், வே. போய் மெஷினைப் போடும்" என்றார்.

போய் மெஷினைப் போட்டேன். இன்றும் அதே மெஷினில்தான் நிற்கிறேன். புரியாததைக் கூச்சத்தோடேயே கேட்டுவிடுகிறேன். இதையும் அப்படியே எழுதிவிட்டேன்.

ஐப்பசி மூன்று, ஞாயிற்றுக்கிழமை.