பிரேக்கக்காவின் ஜெபம்

"கிளட்ச்சை மிதிங்க சார்... கிளட்ச்... ஸ்தோத்திரம்!" என்று சொல்லிக்கொண்டே தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை அவரே மிதித்தார். முன்னால் நின்ற தண்ணீர் லாரி தப்பியது, நானும் தப்பினேன். கார் ஓட்டக் கற்றுத்தரும் இவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பிரேக்கக்கா. ஐம்பதைத் தொடும் வயது. பள்ளிப் பிள்ளைகள் போடும் கறுப்பு ஷூ. வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு.

பாடம் நடக்கும்போதே ஓயாமல் ஜெபிப்பார்; கண்ணை மட்டும் மூடமாட்டார். "மூடினா நீங்களும் நானும் நேரா ஆண்டவர்கிட்டயே போயிடுவோம்."

தன் தங்கையின் கதையை அவர் சொன்னது ஒரு நீண்ட சிக்னலில். தங்கை சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவர் சபையில் எழுந்து நின்று, "அவ நிச்சயம் எழுந்து வருவா, ஆண்டவர் எங்கிட்ட சொல்லிட்டாரு" என்று சாட்சி சொன்னாராம். அடுத்த வாரமே தங்கை போய்விட்டாள்.

"அவர் வாயைத் திறக்கவே இல்ல சார். நானா அவருக்கு டப்பிங் குடுத்திருக்கேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிக்னல் பச்சையானதை இருவருமே கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

தங்கை போன பிறகு சபைக்குப் போவதை நிறுத்திப் பார்த்தாராம். "கோவிச்சுக்கிட்டு வீட்ல உக்காந்தேன், அவர் வந்து சமாதானம் பண்ணுவாருன்னு. வந்தது போதகர்தான். காபி குடிச்சிட்டுப் போயிட்டாரு. வெக்கங்கெட்டு நானே திரும்பிப் போனேன். வேற எங்க போறது? சண்டை போடவும் அவர்தானே இருக்காரு?"

இப்போது கடைசி பெஞ்சு. சுகமளிக்கும் தேவனைப் பற்றிப் பாட்டு வந்தால் மட்டும் கைப்பையில் சாவி தொலைந்துவிடும். பாட்டு முடியும்வரை தேடுவார். "என் ஜெபத்துல பாதி புகார்தான்னு வீட்டுக்காரர் சொல்றாரு. மீதிப் பாதி மிரட்டல்னு அவருக்குத் தெரியாது."

நேற்று எனக்கு முந்திய பாடம் ஒரு இளம்பெண்ணுக்கு. நான் பின்சீட்டில் என் முறைக்குக் காத்திருந்தேன். அவள் கணவனுக்கு மறுநாள் இதயத்தில் அறுவைசிகிச்சை. பிறகு அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வரத்தான் ஓட்டவே கற்கிறாள். ஒரு திருப்பத்தில் காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

"அக்கா, நீங்க ஜெபம் பண்றவங்க. சொல்லுங்க, அவருக்குச் சரியாயிடும்ல?"

பிரேக்கக்காவின் வாயில் கிராம்பு கடிபடும் சத்தம் கேட்டது. 'ஆமாம்' என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கே தோன்றியது.

"தெரியலம்மா," என்றார். "சரியாயிடும்னு ஊரைக் கூட்டிச் சொல்லி, ஏற்கெனவே மூக்குடைபட்டவ நான். ஆனா கேக்குறதை மட்டும் விடல. வா, சேர்ந்து கேப்போம்."

அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஆண்டவரே, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாது. போன தடவை பண்ணினது இன்னும் ஆறல. அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப இவ புருஷனைப் பாருங்க..."

அறுவைசிகிச்சை எப்படி முடியும் என்று அந்தக் காருக்குள் யாருக்கும் தெரியாது. எந்தச் சாமியையும் கும்பிட்டுப் பழகாத நான், ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயத்தைக் கண்டவன்போல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேக்கக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தன் இன்னொரு கையை இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்பக்கமாக, உள்ளங்கை விரிய, என்னிடம் நீட்டினார்.