விக்கிரவாண்டிக்கு நாற்பத்திரண்டு நிமிடம்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை திண்டிவனம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் வரை போய் வந்தேன். கோயிலுக்கு இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. ஒரு கேசட்டுக்காக. அதுவும் என்றைக்கோ அறுந்து குப்பைக்குப் போய்விட்ட கேசட். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் ஜாஸ் கேட்கிறவள். அதிலும் ஹார்ட் பாப் என்று ஒரு வகை உண்டு. தேவாலயப் பாட்டின் உருக்கமும் தெருவின் துள்ளலும் கலந்து காலால் தாளம் போட வைக்கும் சங்கதி. அதில் ஒரு பியானோக்காரர் மேல் எனக்குக் கல்லூரி நாளிலிருந்து பித்து. அவர் வாசித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்றைக்கும் உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து ஆட்கள் அவரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

தாம்பரத்தில் என்னோடு வேலை பார்ப்பவள் மலர்விழி. தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் இயர்போன் கழன்று, அவர் பாட்டு போனிலேயே சத்தமாக ஓடிவிட்டது. டப்பாவைத் திறந்துகொண்டிருந்த மலர் அப்படியே நின்றாள். "அக்கா, இது எங்கப்பா பஸ்ல போட்ட பாட்டு மாதிரி இருக்கே" என்றாள். திண்டிவனம் பஸ்ஸில் ஹார்ட் பாப்பா?

அவள் அப்பா ஏழுமலை, திண்டிவனம் விழுப்புரம் தடத்தில் இருபத்தாறு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். தொண்ணூறுகளின் நடுவில் பாண்டிச்சேரிப் பயணி ஒருவர் சீட்டில் விட்டுப்போன கேசட் அது. அட்டை கிடையாது. மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'பியானோ' என்று மட்டும் எழுதியிருந்ததாம். யாரும் தேடி வரவில்லை. இவர் ஒருநாள் சும்மா போட்டுப் பார்த்தார், அப்புறம் பத்து வருஷம் அதையேதான் போட்டார். டேப் சிக்கி அறுந்த பிறகு அவர் கேட்காத கடை இல்லை. பெயர் தெரியாத ஆளை என்ன சொல்லிக் கேட்பது?

அன்றைக்கு என் போனில் ஓடிய பாட்டு இருந்த ஆல்பம் முழுவதையும், ஆறு பாட்டு, மலருக்கு அனுப்பினேன். மறுநாள் அப்பாவின் பதிலைக் கொண்டுவந்தாள். "இது இல்லையாம்."

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன். மலரின் முகம் சரியில்லை. இரண்டு மாதம் முன்பு அப்பா ஸ்கூட்டரில் எண்ணெய் வாங்கப் போனவர், வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். அன்றைக்கே அவள் சாவியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். விழுப்புரத்தில் மறதிக்குப் பார்க்கும் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். டாக்டரிடம் சொல்வதற்காகத் தன் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். வண்டியை மறந்தது, ஒரே டீக்கு இரண்டு தடவை சர்க்கரை போட்டது, மூன்றாவதாக 'தன் பாட்டையே அடையாளம் தெரியவில்லை'. பாட்டை அனுப்பியவள் நான். அந்த மூன்றாவது வரி என்னைத் தூங்கவிடவில்லை. "டாக்டர்கிட்ட போற அன்னிக்கு நானும் வர்றேன்" என்றேன்.

தாம்பரத்தில் காலை ஏழு மணி வாக்கில் ரயில். திண்டிவனம் சுமார் தொண்ணூற்றேழு கிலோமீட்டர், எட்டே முக்கால் சுமாருக்கு இறங்கிவிடலாம். செங்கல்பட்டு தாண்டும்வரை நின்றுகொண்டு வரத் தயாராக இருங்கள். சனிக்கிழமையில் கூட்டம் குறையும் என்று எனக்குச் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நன்றாக இருக்கும். ஸ்டேஷனிலிருந்து மலர் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டு, முடி படிய வாரி, பள்ளி ஆய்வுக்குத் தயாரான பையனைப் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்ததும் வராததுமாக நான் பாட்டைப் போட்டேன். முழுசாகக் கேட்டார். விரல் தொடையில் தாளம் போட்டது, பாதியில் நின்றுவிட்டது.

"நல்லா வாசிக்கிறாருங்க. ஆனா நம்ம ஆளு இல்ல."

"அப்பா, நல்லா கேட்டுப் பாருப்பா" என்றாள் மலர்.

"கேட்டுக்கினுதானேம்மா இருக்கேன். உனக்கோசரம் ஆமாம்னு சொல்லட்டுமா?" அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், வண்டிய மறந்தது நெஜம். அத நான் இல்லன்னு சொல்லல. இத மறக்கலீங்க."

விரல் தாளம் போட்டதைப் பார்த்தால் ஆல்பம் அதுதான் என்று தோன்றியது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

டாக்டர் நேரம் பன்னிரண்டு. பத்தேகாலுக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ் ஏறினோம். மொத்தம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஏழுமலை டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம், நான் பக்கத்தில், மலர் எதிர்ப்புறம். ஊர் எல்லை தாண்டும்வரை அவர் வலது கால் சும்மா இருக்கவில்லை. அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

கூட்டேரிப்பட்டில் ஒரு அம்மாள் ஏறி நேராக எங்களிடம் வந்தார். ஸ்டெல்லா டீச்சர். திண்டிவனத்தில் பள்ளிக்கூட வேலை முடிந்து தினமும் ஏழுமலை பஸ்ஸில் வீடு திரும்பியவர். மலர் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள்.

"இன்னா டிரைவரண்ணா, வண்டி ஓட்றத விட்டுட்டு டிக்கெட் வாங்கினு போற?" என்று ஆரம்பித்தார். பிறகு என்னிடம், "எங்க ஊரு வர்ற நேரத்துக்கு மூணாவது பாட்டு ஆரம்பிக்குங்க. மொதல்ல பியானோ மட்டும் தடதடன்னு வரும். அது வந்தா பையத் தூக்கினு எழுந்துருவோம். கண்டக்டர் ஸ்டாப் பேரே சொல்லமாட்டாரு. அதுக்கு நாங்க வச்ச பேரே கூட்டேரிப்பட்டு" என்றார்.

மூன்றாவது பாட்டைப் போட்டு இயர்போனை அவர் காதில் கொடுத்தேன். தடதடவென்று பியானோ வந்தது. டீச்சர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"அதான். ஆனா... இன்னாவோ சோர்ந்து கீது. ஜுரம் வந்தவன் வாசிக்கிறாப்ல."

ஏழுமலை மகளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருவருக்கும் ஒரே குறை என்றால் குறை காதில் இல்லை. நான் கேள்விமேல் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எந்த டேப்ரிகார்டர்? எப்போது போடுவீர்கள்? எங்கே முடியும்?

"திண்டிவனம் ஸ்டாண்ட விட்டு வெளிய வந்தா பட்டனை அமுக்குவேன். பஸ்ஸு வந்து போற நேரத்த எழுதுவாங்களே, விக்கிரவாண்டி டைம் ஆபீஸ், அங்க நிக்கறப்போ டக்குன்னு முடியும். அதுக்கு அப்புறம் விழுப்புரம் வரைக்கும் சினிமாப் பாட்டு. ஜனங்க சும்மா வுடுவாங்களா?"

"சரியா அங்கேயே எப்படி முடியும்?"

அவர் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக. "விக்கிரவாண்டிக்கு ரன்னிங் டைம் நாப்பத்திரண்டு நிமிஷம். லேட்டா போனா டைம் கீப்பர் எழுதிடுவாரு, சீக்கிரம் போனா முன்னாடி வண்டிக்காரன் பேஜாரு பண்ணுவான். வாட்ச்சப் பாத்துக்கினு வண்டி ஓட்ட முடியுங்களா? காது சும்மாதானே இருக்குது. பாட்டு முன்னால போய்ட்டா மிதிப்பேன், வண்டி முன்னால போய்ட்டா அடக்குவேன். ஆனா கேசட்டு மூணு நிமிஷம் ஜாஸ்தியா இருந்துச்சு. மெக்கானிக்காண்ட சொன்னேன். மோட்டாருக்குப் பின்னால ஒரு ஓட்டை இருக்கும், உள்ள ஸ்குரூ. லேசா முறுக்கி வுட்டாரு. செட் ஆயிடுச்சு."

என் கையிலிருந்த ஆல்பம் நாற்பத்தைந்து நிமிடம். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் கச்சிதமாக நிறையும். இவர் அதை நாற்பத்திரண்டில் ஓட்டியிருக்கிறார். உலகமெல்லாம் ஒரு வேகத்தில் கேட்டுக்கொண்டிருக்க, இந்த ஒரு பஸ் மட்டும் ரன்னிங் டைமுக்கு ஏற்றபடி கேட்டிருக்கிறது. பஸ்ஸில் எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, அதனால் விக்கிரவாண்டியில் இறங்கி டீ குடிக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

பத்து ஐம்பதுக்கு விக்கிரவாண்டி. நாற்பத்திரண்டு நிமிடம் இப்போது முப்பத்தைந்து ஆகிவிட்டது, நாலுவழிச் சாலையின் உபயம். டீக்கடை பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்தோம். லாரிகள் போகிற சத்தத்தில் போனின் ஒலிபெருக்கி எடுபடவில்லை, ஏழுமலைக்கு இயர்போன். முதலில் போனில் இருக்கிற வேகம் கூட்டும் வசதியை அழுத்தினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"கிட்ட வந்துட்டீங்க. வேகம் அதான். ஆனா கொரலு இல்ல. நம்மாளுக்குக் கொரலு இன்னும் கொஞ்சம் மேல இருக்கும்."

போனில் இருக்கிற வசதி வேகத்தை மட்டும் கூட்டும், சுருதியை ஏற்றாது. டேப் வேகமாக ஓடினால் சுருதியும் சேர்ந்து ஏறும். இந்த நுணுக்கம் எனக்கே அப்போதுதான் உறைத்தது. இரண்டையும் சேர்த்து ஏற்றும் செயலி ஒன்றை அங்கேயே இறக்கினேன். டவர் கிடைக்காமல் ஏழு நிமிடம் ஆனது. நாற்பத்தைந்தை நாற்பத்திரண்டால் வகுத்து, வேகத்தை ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழு மடங்கு என்று வைத்து, மூன்றாவது பாட்டைத் தொடங்கிவிட்டேன்.

நாலு சுரம்கூட ஆகியிருக்காது. டீ கிளாஸைக் கீழே வைத்தார். இயர்போனில் ஒன்றைக் கழற்றி ஸ்டெல்லா டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் காதில் வைத்ததும், பக்கத்திலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இதாம்மா" என்றார் ஏழுமலை மலரிடம். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. "அன்னிக்கே சொன்னேன் இல்ல?"

மலர் போனை எடுத்தாள். பட்டியலில் மூன்றாவது வரியை அழித்தாள். "சாரிப்பா" என்றாள். மற்ற இரண்டு வரிகள் அப்படியே இருந்தன. அதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது.

ஸ்டெல்லா டீச்சர் அங்கேயே விடைபெற்றார். போகும்முன் அந்தச் செயலியைத் தன் போனில் ஏற்றித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டார். நாங்கள் மூவரும் அடுத்த பஸ்ஸில் முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம். பதின்மூன்று கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். பியானோக்காரரின் பெயரை ஏழுமலையிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "வாயில நொழையலீங்க. பியானோக்காரருன்னே இருக்கட்டும். பேரு தெரியாமயே பத்து வருஷம் ஒண்ணா வேல செஞ்சுட்டோம்." அதனால்தான் நானும் எழுதவில்லை.

டாக்டர் கூப்பிட நாற்பது நிமிடம் ஆனது. காத்திருக்கும்போது ஏழுமலை கேட்டார், "மேடம், அவரு நெஜமா வாசிச்சது எது? இதா, மொத போட்டீங்களே அதுவா?"

"முதல்ல போட்டதுதாங்க."

"பாவம் அந்த மனுசன். அவரு பாட்டுக்குப் பொறுமையா வாசிச்சுக்கினு இருந்திருக்காரு. நான் டைம் ஆபீஸுக்குப் பயந்துக்கினு அவர ஜல்தி ஜல்தின்னு வெரட்டிக்கினு வந்திருக்கேன். அத போடுங்க. அவரு வாசிச்ச மாதிரியே போடுங்க."

போட்டேன். இந்தத் தடவை விரல் பாதியில் நிற்கவில்லை.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார், இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். ஸ்கூட்டர் சாவி இரவில் மட்டும் மலரிடம் இருக்கிறது. கேட்டால், காலையில் கொடுப்பதாகவும் பொழுது சாய்ந்ததும் வாங்கிவிடுவதாகவும் ஒப்பந்தமாம்.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு: தேசிய நெடுஞ்சாலையில் பறக்கும் விரைவுப் பஸ் வேண்டாம், நின்று நின்று போவதில் ஏறுங்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் எனக்கு நாற்பது ரூபாய்க்குள் ஆனது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்கும், துண்டு எடுத்துப் போங்கள். விக்கிரவாண்டியில் டீ நன்றாக இருந்தது, வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அதைவிட. பழைய கேசட் நினைவில் ஒரு பாட்டைத் தேடுகிறவர்கள், கிடைத்தது சரியில்லை என்று தோன்றினால் உடனே உங்கள் நினைவைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் வேகத்தை மாற்றிப் பாருங்கள், சுருதியும் சேர்ந்து மாறும்படி.

போன வாரம் ரயில் தவறிவிட்டதென்று மலர் வேலைக்குத் தாமதமாக வந்தாள். ஏழுமலை இப்போது ஸ்கூட்டரில் அவளை ஸ்டேஷனில் கொண்டுவிடுகிறார். கிளம்பும்முன் தினமும் பாட்டு கேட்கிறார், அந்த மனிதர் வாசித்த வேகத்திலேயே. அன்றைக்கு இவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஜல்தி வாப்பா, டைம் ஆச்சு" என்று கத்தியிருக்கிறாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினாராம்.

"இரும்மா. அவரு இன்னும் விக்கிரவாண்டி வரல."