எருமைக்குப் பத்து மாதம் பத்து நாள்

கால்நடை ஆய்வாளராக முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்க்காரர்கள் என்னை டாக்டர் என்றார்கள். டாக்டர்கள் என்னை ஏம்ப்பா என்றார்கள். விலங்கியலில் பட்டம் வாங்கியவன் என்பது என் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்துக்கு மட்டும் தெரியும்.

படித்தது வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அய்யலூர்ச் சந்தைக்கு மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கியவர்கள் ரோமம் குறைந்த செம்மறியை வெள்ளாடு என்று பேரம் பேசிக்கொண்டிருப்பதை நான் பல வாரம் பார்த்திருக்கிறேன். வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். செம்மறியின் குளம்புப் பிளவுக்கு நடுவே ஒரு சுரப்பி உண்டு; அது நடந்த இடமெல்லாம் வாசனையை விட்டுப் போகும், பின்னால் வருவது அதை மோந்துகொண்டே வரும். ஒன்று போன வழியில் எல்லாம் போவதற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை, காலில் இருக்கும் சுரப்பி. எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் போன வழியும் அப்படிப்பட்டதுதான். முன்னால் ஒருவர் போட்ட குறிப்பை மோந்துகொண்டே அடுத்தவர் குறிப்பு எழுதுவார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எரியோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிளை நிலையத்தில் இருந்தேன். ஒரு அறை, விந்துக் குச்சிகளை உறைய வைத்திருக்க ஒரு நைட்ரஜன் குடுவை, வாசலில் மாட்டை உள்ளே விட்டு அசையாமல் நிறுத்தும் இரும்புக் குழாய்க் கூண்டு. ஆண்டு முழுவதும் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது வேலை. மாடு கூண்டுக்குள் நிற்கும் நேரம் ஐந்து நிமிடம். நான் நின்ற நேரம் பதினொரு ஆண்டு.

அந்தச் சமயத்தில் ஒரு சங்கத்தின் மூலமாக ஏழைப் பெண்களுக்குக் கிடேரி கொடுக்கும் திட்டம் வந்தது. கிடேரிக்கு நான் ஊசி போட வேண்டும். ஊசி போட்ட நாளிலிருந்து ஒன்பது மாதம் பத்து நாளுக்குள் கன்று ஈன வேண்டும். சுற்றறிக்கை கருணையோடு மேலும் பதினைந்து நாள் தந்தது. அதற்குள் ஈனாவிட்டால் மலடு. பிடித்து வந்து விற்றுவிட்டு, பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு வேறு கிடேரி கொடுக்க வேண்டும். பசுவின் கர்ப்பகாலம் அது. படிவமும் பசுவுக்கென்றே அச்சடித்தது.

மாட்டுச் சந்தைக்குப் பயனாளிகளை அழைத்துப் போனது நான்தான். ஆளுக்கொரு கலப்பினக் கிடேரியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு பெண் மட்டும் எருமைக் கிடேரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் கேரளாவுக்குப் போனவன் திரும்பவில்லை. திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் தயிர்ப் பானை கொண்டுபோய் மெஸ்களுக்கு ஊற்றிப் பிழைப்பவள். அதுவரை அடுத்தவர் எருமைப் பாலை வாங்கித் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, பசுவுக்குத்தான் திட்டம்.”

“பசுந்தயிரை எவன் சார் வாங்குவான்? சோத்துல ஊத்துனா தண்ணியா ஓடும். எருமைத் தயிருன்னா கரண்டி நிக்கணும்.”

“இந்தக் கிடேரியெல்லாம் நல்லாக் கறக்கும்மா.”

“கறக்கும் சார். ஒரு நாள் தும்மும், மறுநாள் படுத்துக்கும். ஒங்களைத் தேடி நான் எங்க ஓடுறது? எனக்கு எருமையத்தான் தெரியும்.”

அவள் சொன்னது சரி. எருமைக்கு என்று ஆணை வாங்க வேண்டுமானால், திருத்திய செயல்முறை ஆணை, அதற்கு முன் கருத்துரு, அதற்கு முன் என் விளக்கம். அது மார்ச் மாதம். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஒதுக்கீடே காலாவதியாகிவிடும். அவளுக்குப் பசுவும் இல்லை, எருமையும் இல்லை. நடைமுறை எல்லாம் தெரிந்தவன் என்பதால் ஒரு நிமிடத்தில் முடிவெடுத்தேன். தெரியாதவனாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன்.

படிவத்தில் எழுதினேன். இனம்: கலப்பினப் பசுங்கிடேரி. நிறம்: கறுப்பு. கொம்பு: பின்னோக்கி வளைந்தது. பல்: இரண்டு. முதல் வரியைத் தவிர எல்லாம் உண்மை. காதில் எண் பொறித்த தோடு அடித்தேன், அந்த எண்ணை எழுதினேன். பயனாளியும் கால்நடையும் தெரியும்படி புகைப்படம் வேண்டும் என்பது விதி. புகைப்படக்காரரிடம் தோட்டு எண் தெளிவாக விழவேண்டும் என்று வற்புறுத்தினேன். படத்தில் அவள் முகமும் ஒரு கறுப்புக் காதும் விழுந்தன.

எருமை பருவத்துக்கு வருவதைக் கண்டுபிடிப்பது பசுவைப் போல எளிதல்ல. பசு கத்தும், பக்கத்து மாட்டின் மேல் தாவும், ஊரைக் கூட்டும். எருமைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விடிவதற்கு முன் கொஞ்ச நேரம் அமைதியில்லாமல் நிற்கும், அடிக்கடி நீர் விடும், தீனியைப் பாதியில் விடும், அவ்வளவுதான். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் குளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவள் அதைக் கவனித்து விடிகாலையில் நான்கு மைல் ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் முர்ரா எருமைக்கிடாவின் விந்துக் குச்சியை எடுத்து ஊசி போட்டேன். ஊசிப் பதிவேட்டில் தேதியும் தோட்டு எண்ணும் எழுதி, குச்சி என்ற கலத்தில் முர்ரா என்றே எழுதினேன். குச்சிக்குக் கணக்கு உண்டு. அதில் பொய் எழுதினால் இருப்பு உதைக்கும். சங்கத்துக்கு அனுப்பிய நகலில் தேதியும் எண்ணும் மட்டும் போயின.

ஒன்பது மாதம் பத்து நாள் ஆயிற்று. பதினைந்து நாள் கருணையும் கழிந்தது. எருமைக்குப் பத்து மாதம் பத்து நாள். வயிற்றில் இருக்கும் கன்றுக்குச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை.

சங்கத்துக்குப் புதிதாக ஓர் அலுவலர் மாற்றலாகி வந்திருந்தார். பழனிப் பக்கத்துக்காரர், வயதில் சிறியவர், மரியாதையானவர். மரியாதையாகப் பேசுகிறவர்களைக் கண்டுதான் நான் வேலையில் பயந்திருக்கிறேன். கத்துகிறவர்கள் கோப்பைப் படிப்பதில்லை. அவர் ஜீப்பை நிலையத்தின் வாசலில் நிறுத்தி, “ஏனுங்க சார், இந்த எண் இன்னும் ஈனலைங்க. நீங்களும் கூட வந்து ஒரு மலட்டுச் சான்று குடுத்துட்டீங்கன்னா இன்னைக்கே ஏத்திக்கலாமுங்க” என்றார். பின்னால் மாடு ஏற்ற ஒரு சின்ன வண்டியும் நின்றது. பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். வெளியே போகும்போது பதிவேடு உடன் இருக்க வேண்டும் என்பது விதி.

வழி முழுக்க யோசித்தேன். நான் வாய் திறந்தால் பொய்ச் சான்று எழுதியவன், பதினேழு பி. அரசு ஊழியருக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வேலைக்கே உலை வைக்கக்கூடிய குற்றச்சாட்டு அது. எனக்கு இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை, நாங்கள் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நான் முழுதாக யோசிக்கவில்லை.

தொழுவம் காலியாக இருந்தது.

“வாங்க சார், வாங்க. அது குளத்துல கெடக்கு. செத்த நேரம் இருங்க, வெயில் தாழ்ந்தா தானா வந்துரும்.”

அலுவலர் கோப்பைப் பார்த்தார். “பசுவுங்களாம்மா குளத்துல கிடக்குது?”

“பசுவா? நம்மகிட்ட ஏது சார் பசு?”

அதற்குப் பிறகு அவர் அவளிடம் கேட்டதெல்லாம் மிகச் சரியான கேள்விகள். அவர் இடத்தில் நான் இருந்தால் அதே வரிசையில் கேட்டிருப்பேன். நாங்கள் கொடுத்த பசு எங்கே, யாருக்கு விற்றீர்கள், எப்போது.

அவள் என்னைப் பார்த்தாள். “என்ன சார் இவரு இப்படிப் பேசுறாரு? நீங்கதான கூட வந்தீங்க? சொல்லுங்க சார்.”

நான் குளத்தைப் பார்த்தேன். கோடை. தண்ணீர் பாதிக்குமேல் வற்றி, நடுவில் குட்டையாகக் கிடந்தது. அதில் மூக்கும் கண்ணும் கொம்பும் மட்டும் தெரிந்தன. எருமையின் தோலில் வியர்வைச் சுரப்பி பசுவுக்கு இருப்பதில் சிறு பங்குதான். ரோமமும் குறைவு, நிறமோ கறுப்பு. வெயிலைத் தாங்க உடம்புக்குள் வழியில்லாததால் அது சேற்றுக்குள் போகிறது. நானும் அன்றைக்குப் போயிருப்பேன்.

அவள் இடுப்பளவு சேற்றில் இறங்கி, கொஞ்சியும் திட்டியும் அதை ஓட்டிக்கொண்டு வந்தாள். கரையேறியதும் காதைத் துடைத்துக் காட்டினாள். “இந்தாங்க தோடு. நம்பரப் பாருங்க. இதுக்கு மேல என்ன வேணும்?”

எண் பொருந்தியது. அலுவலர் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், “தோட்டைக் கழட்டி மாட்டிருக்காங்க பாருங்க. அப்ப இது வெறும் விற்பனை இல்லைங்க சார், மோசடிங்க. எருமையை ஏத்திக்கிட்டு, போலீஸ்ல ஒரு மனுவும் குடுத்துடலாமுங்க” என்றார்.

அவள் நீட்டிய ஒரே சாட்சி அவளுக்கே எதிராகத் திரும்பியது. பசுவுக்கு அறுபது குரோமோசோம், வெள்ளாட்டுக்கும் அறுபது. எண் பொருந்திவிட்டதால் வெள்ளாடு பசுவாகிவிடாது என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கே எண்ணும் ஒன்று, மிருகமும் ஒன்று. ஆனாலும் வேறு மிருகம் என்கிறார்கள். காரணம் என் கையெழுத்து.

நான் அப்போதும் சொல்லவில்லை. “முதல்ல சினை பார்த்துடுவோம் சார்” என்றேன். நேரம் கடத்துவதற்கு எங்கள் வேலையில் அதைவிட நல்ல வழி இல்லை.

எருமையைக் கரையோரத் தென்னை மரத்தில் கட்டினாள். கூண்டு இல்லை. தோள்வரை கையில் சோப்பு பூசிக்கொண்டு ஆசனவாய் வழியாகக் கையை விட்டேன். எருமைக்குப் பிறப்புறுப்புகள் பசுவினுடையதைவிடச் சிறியவை, நிறைசினையில் அந்த வித்தியாசம் ஒன்றும் தெரியாது. குடல்சுவருக்கு அப்பால் விரலில் ஒரு குளம்பு தட்டியது. பிடித்தேன். அது வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. உயிருள்ள கன்று, பத்தாம் மாதம்.

அந்த நேரம் பார்த்து எருமை உட்கார்ந்தது. பசு உட்காரப் போவதற்கு முன் ஒரு அறிகுறி காட்டும். எருமை தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். என் கை உள்ளே மாட்டிக்கொண்டது. இழுத்தால் எலும்பு முறியும் என்று தெரியும் என்பதால், அதோடு சேர்ந்து நானும் சேற்றில் மண்டியிட்டுப் படுத்தேன். கன்னம் அதன் பிட்டத்தில் ஒட்டியிருந்தது. அவள் வாலைப் பிடித்துக்கொண்டு, “அடியே, எந்திரி! எந்திரிடீ!” என்று அதட்டினாள். அது அசை போட ஆரம்பித்தது.

அலுவலர் என் முகத்துக்கு நேரே குனிந்தார். “சினைங்களா சார்?”

“சினை. பத்து மாதம்.”

“அப்பச் சரிங்க. நீங்க ஊசி போட்டது பசுவுக்குங்க. அந்த ஊசிக்கு எருமை சினையாகுமுங்களா?”

படிக்காத விலங்கியலை அவர் நன்றாகவே கேட்டார்.

“ஆகாது சார். பசுவுக்கும் எருமைக்கும் சேராது.”

“அதானுங்களே நானும் சொல்றேன். இது வேற மிருகமுங்க.”

அவள் வாலை விட்டுவிட்டாள். அழவில்லை. “சார், ஒரு வார்த்தை சொல்லுங்க சார்” என்று மட்டும் சொன்னாள். அவள் கால் விரல்கள் என் கண்ணுக்கு ஓரடி தூரத்தில் இருந்தன. எழுந்து போக முடியாது, திரும்பிக்கொள்ளவும் முடியாது, கோப்பை வாங்கிப் புரட்டுவதுபோல் பாவனை செய்யவும் கை இல்லை. கையிருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

“என் பையில பதிவேடு இருக்கு. எடுத்துப் பாருங்க” என்றேன். “இந்தத் தேதி, இந்த எண். குச்சி எதுன்னு போட்டிருக்குன்னு பாருங்க.”

அவர் எடுத்துப் பார்த்தார். “முர்ரான்னு இருக்குதுங்க.”

“எருமைக்கிடா. பசுவுக்கு அதைப் போட்டா ஒண்ணும் ஆகாது. இது அன்னைக்கும் எருமைதான். படிவத்துல பசுன்னு எழுதினது நான். அவங்களுக்கு அது தெரியாது. எருமைக்கு இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு.”

அவர் கோப்பையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் எருமை, எங்களுக்குள் தீர்ந்துவிட்டது என்று எண்ணியதோ என்னவோ, பின்காலை ஊன்றி எழுந்தது. கை வெளியே வந்தது. தோளுக்குக் கீழே ஒரு வாரம் உணர்ச்சி இல்லை.

“இதை எழுதித் தரோணுமுங்க சார்” என்றார் அலுவலர்.

“தெரியும்” என்றேன். இடது கையால் எழுதிக் கொடுத்தேன். வண்டி காலியாகத் திரும்பியது.

அவள் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். நன்றி சொல்லுவாள் என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. “இம்புட்டையும் அந்த மனுசன் வந்து எறங்குனப்பயே சொல்லிருந்தா என்ன சார்?” என்றாள். “போலீசுன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு.” நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

எருமை முந்நூற்று எட்டாம் நாள் ஈன்றது. கிடேரிக்கன்று. குற்றச்சாட்டு அறிக்கை அதற்கு முந்தின நாளே எனக்கு வந்துவிட்டது. விளக்கம், விசாரணை, கூடுதல் விளக்கம், இறுதி ஆணை என்று அதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. எங்கள் துறையில் எதன் கர்ப்பகாலமும் அவ்வளவு நீளமில்லை. கடைசியில் ஓர் ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அதற்கு நடுவில் மாற்றல் பட்டியலில் இருந்து என் பெயரையும் எடுத்துவிட்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை நிலையத்தை விட்டு நகரக்கூடாதாம். அந்தக் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

ஈன்று மூன்று மாதம் கழிந்து ஒரு விடிகாலையில் அவள் எருமையை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஊசி போட்டு முடித்துப் பதிவேட்டைத் திறந்தேன். கூண்டுக் குழாய்மேல் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“என்னன்னு எழுதுறீங்க சார்?”

“எருமைன்னு.”

“வாசிங்க பாப்போம்.”

எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவள் நம்பவில்லை. எதிர் டீக்கடையில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தாள்.